மோட்டரை மெல்லச் சுழற்றினால்

2022 ஆகஸ்ட்டில் இலங்கையில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியது. அதே மாதம் மின்கட்டணமும் சராசரியாக 75 சதவீதம் கூடியது. 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதம். பிற்பாடு கட்டணம் இறங்கினாலும், வெங்காயத்துக்கும் வாழைக்கும் கிணற்று நீரையே நம்பியிருக்கும் யாழ்ப்பாணத்து அச்சுவேலித் தோட்டக்காரருக்கு மண்ணெண்ணெய் மிசின், கறண்ட் மோட்டர் இரண்டுமே செலவுக் கணக்காகிவிட்டன.

இதற்கு மருந்தாகப் பரிந்துரைக்கப்படுவது வேகமாற்றி. மின்சாரத்தின் அதிர்வெண்ணை 50 ஹேர்ட்ஸிலிருந்து குறைத்து மோட்டரை மெல்லச் சுழற்றும் கருவி. அதன் பக்கம் வலுவான நியாயம் உண்டு. வேகத்தை 80 சதவீதமாக்கினால் நீர்வரத்தும் 80 சதவீதமாகும். தேவைப்படும் வலுவோ ஏறத்தாழ 51 சதவீதமாக விழும். மோட்டர் புறப்படும்போது பல மடங்கு மின்னோட்டத்தை இழுப்பதும் நின்றுவிடும்.

ஆனால் இந்தக் கணக்கு நீண்ட குழாயின் உராய்வோடு மல்லுக்கட்டும் பம்பிக்கே முழுதாகப் பொருந்தும். தோட்டக் கிணற்றில் பெரும்பகுதி வேலை நீரை மேலே தூக்குவது. எவ்வளவு மெல்லச் சுழன்றாலும் அந்த உயரம் குறையாது. வேகம் ஓர் எல்லைக்குக் கீழே போனால் மோட்டர் சுழலும், வாய்க்காலுக்குத் தண்ணீர் வராது. முழு வேகத்தில் ஓட்டினாலோ கருவி தன் பங்குக்குச் சில சதவீதத்தைத் தின்னும்.

வேகத்தைத் தொடாமலே மிச்சம் பிடிக்கவும் வழி உண்டு. ஒற்றை முனை மோட்டரின் திறன் 65 சதவீதம், பம்பியின் திறன் 45 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் இரண்டும் சேர்ந்து 29 சதவீதம்தான். மோட்டரை 80 சதவீதத் திறனுள்ளதாக மாற்றினால் மின்செலவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மிஞ்சும். நல்ல இலாபம். ஆயினும் முப்பது மீற்றர் உயர்த்துவதற்கென்று செய்த பம்பியை ஆழமற்ற கிணற்றில் பூட்டியிருந்தால், அதன் 45 இன்னும் கீழே போய்விடும். அங்கே வேகமாற்றியைவிடப் பொருத்தமான சிறிய பம்பியே மலிவான வழி. ஒன்றரை அங்குலக் குழாயை இரண்டு அங்குலமாக்கினாலே, அதே நீர்வரத்துக்கு உராய்வு இழப்பு ஏறக்குறைய கால்வாசியாகும். குழாயின் அடியில் பாசியடைத்த ஃபுட் வால்வைக் கழற்றிக் கழுவச் செலவே இல்லை. வேகமாற்றி விற்க வருபவர்கள் இதையெல்லாம் ஏனோ சொல்வதில்லை!

வேகமாற்றியின் உண்மையான பெறுமதி மின்கட்டணச் சீட்டில் தெரியாத ஓரிடத்தில் இருக்கிறது. அச்சுவேலி இருக்கும் வலிகாமத்தின் சுண்ணாம்புக்கல்லில் நன்னீர், உவர்நீருக்கு மேலே மிதக்கிறது. அயலிலுள்ள நிலாவரைக் கிணறே சாட்சி: மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் கீழே நாற்பதடிவரை அது இருக்கும் என்பது நிலநீரியலின் பழைய கணக்கு. மேலே ஓரடி இறங்கினால் உப்பு பல மடங்கு ஏறப் பார்க்கும். வேகமாக இறைக்கும் பம்பி கிணற்று மட்டத்தைச் சட்டென்று இறக்கி உவர்நீரை மேலே இழுக்கிறது; மெல்ல இறைத்தால் ஊற்று ஈடுகொடுக்கும்.

இதே கருவி சூரியத் தகட்டோடு சேரும்போது கதை மாறுகிறது. வெயிலுக்குக் கட்டணம் இல்லாததால் மோட்டரை நிறுத்தவும் காரணம் இல்லை. செலவில்லாமல் இறைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு உதாரணம் உண்டு: 1990 முதல் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசமாக உள்ள தமிழ்நாட்டில் நிலத்தடி நீர்மட்டம் பல வட்டாரங்களில் இறங்கியதற்கு அந்தச் சலுகையும் ஒரு காரணம்.

ஆகவே கிணற்று நீரைத் தூக்கி வாய்க்காலில் விடும் சிறு தோட்டத்துக்கு, மின்சாரத்தை மிச்சப்படுத்த மட்டும் வேகமாற்றி வாங்குவது வீண்செலவு. முதலில் குழாயையும் பம்பியையும் சரிபாருங்கள். கோடையில் நீரின் உப்பை அளந்துவிட்டு, உப்பு ஏறும் கிணறானால் மட்டும் வேகமாற்றி வாங்குவது பற்றி யோசியுங்கள்.