பழைய மாணவர் இல்லாத பள்ளி

ஐந்நூறு கனடா டாலரை வேண்டாம் என்று சொன்னவன் நான். ஜவ்வாது மலையில் ஒரு தனியார் விடுதிப் பள்ளிக்குப் பணம் திரட்டிக் கொடுப்பது என் வேலை. ஜமுனாமரத்தூர்ச் சந்தையில் என் பெயரைச் சொன்னால் பாதிப் பேருக்குத் தெரியாது. ‘வசூல் சார்’ என்றால் வழி காட்டுவார்கள். அப்படிப்பட்டவன் மேசைக்கு வந்த பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் கொடுத்தவருக்கு எப்படி இருக்கும்?

கொடுத்தவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து டொராண்டோவில் குடியிருக்கும் ஓர் அக்கா. காவலூரில் வைணு பாப்பு வானாய்வகத்தின் தொலைநோக்கியைப் பார்க்க வந்தவரை நண்பர் ஒருவர் எங்கள் பள்ளிக்கும் கூட்டிவந்தார். பிள்ளைகளோடு உட்கார்ந்து சாமைச் சோறு சாப்பிட்டார். கிளம்பும்போது கைப்பையைத் திறந்தார். எங்கள் அறக்கட்டளைக்கு வெளிநாட்டு நன்கொடை வாங்கும் பதிவு கிடையாது, ரூபாயாக மாற்றிக் கொடுத்தாலும் கனடாக் குடியுரிமைக்காரர் தருவது வெளிநாட்டுப் பணம்தான் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “அதுதானே பாத்தன் தம்பி. உங்கட சனம் கோயிலுக்கெண்டா அள்ளிக் குடுக்கும். பள்ளிக்கூடமெண்டா அரசாங்கம் பாக்கட்டும் எண்டு விட்டிடும். எங்கட ஊரில பள்ளிக்கூடத்தைச் சனம்தான் கட்டினது.”

சிரித்து வழியனுப்பினேன். அன்றிரவு தூக்கம் பிடிக்கவில்லை.

எங்கள் சனமா கொடுக்காது? 1956-ல் எட்டயபுரத்தில் மதிய உணவு தொடங்கியபோது ஊர்க்காரர் கொடுத்ததை நம்பித்தான் உலை வைத்தார்கள். அரசுப் பணம் பிறகு வந்தது. 1958 தொடங்கி, கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு ஊர் ஊராக நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் நாற்காலி, கரும்பலகை, மணி, கிணறு என்று ஊரே பட்டியல் போட்டுக் கொடுத்தது. இப்போதும் கல்விச் சீர் என்று மேளதாளத்தோடு, தாம்பாளத் தட்டோடு, மின்விசிறியையும் பீரோவையும் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஊர்வலம் போகிறார்கள். கல்யாணப் பெண்ணுக்குக் கொடுக்கும் சீரைப் பள்ளிக்குக் கொடுக்கத் தோன்றிய சனத்தைப் பார்த்தா இந்தப் பேச்சு!

ஆனால் இதெல்லாம் அரசுப் பள்ளிக்குத்தானே என்று அக்கா மடக்கியிருப்பார். தனியார் பள்ளி என்றால் எங்கள் ஊரில் கொடுக்கிற கை ஏன் மூடிக்கொள்கிறது என்பதற்கு ஒரே ஒரு சொல் காரணம்: டொனேஷன். இலங்கையில் அது நன்கொடை. தமிழ்நாட்டில் அது பிள்ளைக்கு இடம் வாங்கப் பெற்றோர் ரசீதில்லாமல் கட்டுகிற பணம். அதைத் தடுக்க 1992-ல் சட்டமே வந்தது. சட்டம் வந்தும் சொல் கழுவப்படவில்லை. வேலூரில் ஒரு ஜவுளிக்கடை முதலாளியிடம் போய், தனியார் பள்ளி, டொனேஷன் என்று இரண்டு வார்த்தையை ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள். “எல்கேஜிக்கு எவ்வளவு சார் வாங்குறீங்க?” என்பார். எங்கள் பிள்ளைகள் கட்டணம் கட்டாதவர்கள் என்று புரியவைப்பதற்குள் காபி ஆறிவிடும்.

மறு ஆண்டு யாழ்ப்பாணத்துக்கு ஒன்பது நாள் போய்வந்தேன். ஒன்பதில் இரண்டு நாள் மழை, ஒரு நாள் நல்லூர். மட்டக்களப்பில் விபுலானந்த அடிகள் 1929-ல் தொடங்கிய சிவானந்த வித்தியாலயத்தையும் அதை ஒட்டி வளர்ந்த மாணவர் இல்லங்களையும் பார்த்தே தீரவேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். பார்த்திருந்தால் இந்தக் கட்டுரை வேறு மாதிரி போயிருக்கும்.

முதல் நாளே சொற்கள் காலை வாரின. “அதிபரைச் சந்திக்கலாம்” என்றார்கள். நாட்டின் அதிபர் எதற்கு என்னைச் சந்திக்க வேண்டும் என்று திகைத்தேன். அங்கே நாட்டுக்கு ஜனாதிபதி, பள்ளிக்கு அதிபர். ஆறாம் வகுப்புப் பையன் கல்லூரியில் படிக்கிறேன் என்கிறான். பள்ளிக்கூடத்தைக் கல்லூரி என்று கூப்பிடுவதில் ஒரு மிடுக்கு இருக்கத்தான் செய்கிறது. விடுதி போர்டிங், ரசீது பற்றுச்சீட்டு, வசூல் நிதி சேகரிப்பு. வசூல் என்றால் எங்களுக்கு வட்டிக்காரனும் சினிமாப் படமும் ஞாபகம் வரும். சேகரிப்பு என்றால் தேனீ. இந்தச் சொல்லை மட்டும் நான் திருடிக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது எங்கள் கடிதத்தாளில் அதுதான் இருக்கிறது, மலையில் யாரும் சொல்வதில்லை.

என்னை நிறுத்தி யோசிக்கவைத்தது ‘பழைய மாணவர்’. நாங்கள் முன்னாள் மாணவர் என்போம். எங்கள் காதில் பழைய என்றால் பழைய சோறு, பழைய பேப்பர். அவர்கள் காதில் முன்னாள் என்பது பதவி இறங்கிய மந்திரிக்குச் சொல்வது போல் இருக்குமாம். படித்தவன் படிப்பு முடிந்ததும் நீங்கிவிட்டவன் இல்லை, பழையவனாகி உள்ளேயே இருப்பவன் என்று ஓர் ஆசிரியர் எனக்கு விளக்கினார். நல்ல விளக்கம். பழைய மாணவர் சங்கம் கொழும்பில் ஒரு கிளை, லண்டனில் ஒன்று, டொராண்டோவில் ஒன்று என்று பிரிந்து போட்டி போட்டுக்கொண்டு அனுப்புகிறது. அதற்கும் முன்னால் மலாயா ரயில்வேயில் வேலை பார்த்தவர்களின் சம்பளம் ஊர்ப் பள்ளிகளின் சுவராக நின்றிருக்கிறது. வீட்டுக்கு வீடு உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே போட்டுச் சைவப் பள்ளிகளுக்குக் கொடுத்த கதையை எல்லோரும் சொல்கிறார்கள். பிடியரிசி எங்களுக்கும் புதிதில்லை. மடத்துக்கும் அன்னதானத்துக்கும் எங்கள் பாட்டிமார் எடுத்துவைத்ததுதான். ஆனால் அதைப் பள்ளிக்கூடத்தோடு சேர்த்து அவர்கள் மறக்காமல் வைத்திருக்கிறார்கள், அது கெட்டிக்காரத்தனம்.

வட்டுக்கோட்டையில்தான் எனக்குப் பேச்சு வந்தது. அமெரிக்க மிஷன் 1823-ல் அங்கே செமினரி தொடங்கியது. மறு ஆண்டு உடுவிலில் பெண்களுக்கு விடுதிப் பள்ளி. செலவுக்கு மிஷன் கண்ட வழி எளிது. அமெரிக்காவில் ஒருவர் ஒரு பிள்ளையின் சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் பணம் அனுப்புவார்; அந்தப் பிள்ளைக்கு அவர் சொல்லும் பெயர் வைக்கப்படும். தர்க்க நூல் எழுதிய சிதம்பரப்பிள்ளைக்கு முன்னால் வில்லியம் நெவின்ஸ் வந்தது அப்படித்தான். விசுவநாதபிள்ளைக்குக் கரோல். அந்த விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும்தான் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் என்பதை யாழ்ப்பாணத்தில் மூன்று பேர் மூன்று இடத்தில் எனக்குச் சொன்னார்கள். தெரியும் என்று சொல்லியும் விடவில்லை.

எங்கள் விடுதியில் தட்டில்தான் பெயர். ஆரணியிலும் திருப்பத்தூரிலும் அம்மா நினைவாக, அப்பா நினைவாக எவர்சில்வர் தட்டு வாங்கிப் பெயர் வெட்டித் தருவார்கள். பிள்ளைகளுக்கு அந்தப் பெயர்கள் மனப்பாடம். “ரங்கநாயகி எனக்கு, நேத்தே சொல்லிட்டேன்” என்று சண்டை நடக்கும். ரங்கநாயகி அம்மாள் யாரென்று ஒருவருக்கும் தெரியாது. விளிம்பு அகலம் என்பதால் அந்தத் தட்டுக்குக் கிராக்கி. கொடுத்தவர் பெயரைத் தட்டு சுமக்கிறது, பிள்ளை சுமக்கவில்லை. மலையில் பிறந்த பிள்ளை மலைப் பெயரோடுதான் படித்து வெளியே போகிறது என்று வட்டுக்கோட்டையில் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

அருகில் இருந்த ஆசிரியர் அமைதியாகக் கேட்டார், “உங்கட பக்கம் டோனாவூர் எண்டு ஓர் ஊர் இருக்கெல்லோ?” இருக்கிறது. மிஷனரி ரேனியஸுக்குப் பணம் அனுப்பிய டோனா பிரபுவின் பெயர்தான் திருநெல்வேலிப் பக்கம் ஒரு ஊருக்கே ஆயிற்று. அதே டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் யாரிடமும் காசு கேட்பதில்லை என்ற விரதத்தோடு நூற்றுக்கணக்கான பிள்ளைகளை வளர்த்தார் என்று பேச்சை மாற்றினேன். (என் தொழிலுக்கு அந்த விரதம் ஆகாது.) இன்னொன்றை அவரிடம் சொல்லவில்லை. ஆண்டுக்கு இருமுறை எங்கள் பிள்ளைகள் தங்களைப் படிக்கவைக்கும் பெங்களூர், சென்னைக் குடும்பங்களுக்குக் கடிதம் எழுதுகிறார்கள். ‘அன்புள்ள மாமாவுக்கு’ என்று தொடங்கச் சொல்லிக் கரும்பலகையில் எழுதிப்போடுவது நான்தான்.

வேலூரைப் பற்றியும் வாதம் வந்தது. மலையில் பிரசவம் சிக்கலானால் நாங்கள் ஓடும் சி.எம்.சி. மருத்துவமனையின் வேரும் யாழ்ப்பாணம்தானாம். மறுக்க முடியாது. அதைத் தொடங்கிய ஐடா ஸ்கடரின் தாத்தா ஜான் ஸ்கடர் பண்டத்தரிப்பில் மருத்துவம் பார்த்துவிட்டுத்தான் சென்னைக்கு வந்தார். ஆனால் ஐடா தன் முதல் மருத்துவமனைக்காக நியூயார்க்கில் ஷெல் என்ற வங்கிக்காரரிடம் ஒரே மூச்சில் 10,000 டாலர் வாங்கினாரே, அது வேலூருக்காகக் கேட்ட பணம். வேர் உங்களுடையது, கேட்ட வாய் எங்களுடையது என்றேன். தஞ்சை, மதுரை ஆட்களை விட்டால் வேலூரை இப்படி விட்டுக்கொடுத்திருப்பார்கள். வட ஆர்க்காட்டுக்காரன் கொடுப்பானா?

சட்டம் என்று வந்தால் இரண்டு பக்கமும் அடி வாங்கியிருக்கிறது, வேறு வேறு இடத்தில். இலங்கையில் 1960, 61 சட்டங்கள் உதவிபெறும் பள்ளிகளை அரசின் கைக்குக் கொண்டுபோயின. தனியாராகவே இருப்போம் என்று நின்ற பெரிய பள்ளிகள் கட்டணம் வாங்கக் கூடாது என்றது சட்டம். கட்டணமும் இல்லை, அரசு உதவியும் இல்லை. அந்த நெருக்கடியில் பழைய மாணவனைத் தவிர வேறு கதி கிடையாது. அவர்களின் கொடைக்குணத்தை நான் குறைக்கவில்லை. கழுத்தில் கத்தி இருந்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

எங்கள் கத்தி டெல்லியில் இருக்கிறது. 2010-ன் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் 2020-ல் இறுக்கப்பட்டது. பதிவு பெற்ற அமைப்பானாலும் வெளிநாட்டுப் பணம் டெல்லி ஸ்டேட் வங்கியின் ஒரே ஒரு கிளையில் கணக்குத் திறந்துதான் வாங்க வேண்டும். ஜமுனாமரத்தூருக்கு வரவேண்டிய அரிசிக்காசு நாடாளுமன்ற வீதியைச் சுற்றி வரவேண்டும். இதில் ஒரு வேடிக்கை. அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம் ஆள் இந்தியக் குடியுரிமையோடு இருக்கும்வரை அவர் பணம் நம் பணம். அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய மறுநாள் அதே சம்பளம், அதே மனசு, ஆனால் வெளிநாட்டுப் பணம். “சிட்டிசன் ஆயிட்டீங்களா?” என்று நன்கொடையாளரிடம் நாசூக்காகக் கேட்பது என் வேலையில் ஒரு பகுதி.

ஆகவே கம்பெனிகளை நம்புகிறோம். 2014 ஏப்ரலிலிருந்து பெரிய கம்பெனிகள் சராசரி லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவிட வேண்டும். ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் என்று படியேறுவேன். கணினி அறை வேண்டுமா, தருவார்கள். ஸ்மார்ட் போர்டு, உடனே. கேஸ் சிலிண்டரும் துவரம்பருப்பும் வார்டனுக்குச் சம்பளமும் கேட்டால் மட்டும் முகம் மாறும். பருப்பைப் படம் பிடித்துப் போட முடியாதல்லவா. யாழ்ப்பாணத்திலும் மண்டபமும் மைதானமும் எழுகிற வேகத்தில் சமையலறை எழவில்லை என்று ஒரு விடுதிப் பொறுப்பாசிரியர் பெருமூச்சு விட்டார். அந்த ஒரு நிமிடம் நாங்கள் இருவரும் ஒரே நாட்டுக்காரர்கள்.

ஆனாலும் ஒரு விஷயத்தை அக்காவும் சரி, அந்த ஊரும் சரி, கணக்கில் எடுக்கவில்லை. இருநூறு வருடம் பிள்ளைகளை அனுப்பிய பள்ளிக்கு லண்டனில் கிளை இருக்கும். எங்கள் விடுதியில் இருப்பது வீட்டிலேயே முதன்முதலாக எழுத்துக்கூட்டும் பிள்ளைகள். அப்பாவும் அம்மாவும் குடகுக்குக் காப்பித் தோட்ட வேலைக்கோ கேரளத்துக்கோ போய்விட்டால் பிள்ளை ஆடு மேய்க்கும், அதனால்தான் விடுதி. காசு ஆசை காட்டி ஆந்திரக் காட்டுக்குச் செம்மரம் வெட்டக் கூட்டிப்போவதும் உண்டு. 2015 ஏப்ரலில் சேஷாசலத்தில் சுட்டுக்கொல்லப்பட்ட இருபது பேரில் எங்கள் மலை ஆட்களும் இருந்தார்கள். இந்த மண்ணில் பழைய மாணவர் சங்கம் எங்கிருந்து முளைக்கும்? 2024-ல் ஜவ்வாது மலைப் புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி சிவில் நீதிபதியாகத் தேர்வானார். இருபத்துமூன்று வயது. அவர் எங்கள் பள்ளியில் படித்தவரில்லை. ஏலகிரிப் பக்கம் படித்தவர். இருந்தும் அந்தச் செய்தி வந்த பக்கம் எங்கள் விடுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறது.

மலைக்காரர்கள் வெறுங்கையோடு வருவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஜூனில் பள்ளி திறக்கும்போது பிள்ளையோடு ஒரு படி சாமை வரும், புளி வரும், தலைச்சுமையாகப் பலாப்பழம் வரும். யாரும் கேட்பதில்லை. கோயில் திருவிழாவுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று ஊர்க்கவுண்டர் வரி போடுவார். இதற்கு வரி இல்லை, ரசீது இல்லை, தட்டில் பெயரும் இல்லை. ஆடிட்டர் இதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று வருடாவருடம் கேட்பார். ‘இதர வரவு’ என்று எழுதுகிறோம். அந்த இதர வரவை டொராண்டோ டாலரோடு தராசில் வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. வைத்தால் எந்தப் பக்கம் இறங்கும் என்று எனக்குத் தெரியும்.

யாழ்ப்பாணத்தில் கடைசி நாள். ஒரு பள்ளியின் நடைபவனி போய்க்கொண்டிருந்தது. வெள்ளைச் சட்டை, பள்ளிக்கொடி, முன்னால் பாண்டு வாத்தியம். புது விடுதிக்கு நிதி சேகரிப்பு என்று பதாகை. பதினைந்து வயதுப் பையன் ஒருவன் பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு ஓரமாக ஓடிவந்தான். இரண்டாயிரம் இலங்கை ரூபாய் கொடுத்தேன். பெயரை எழுதிக்கொண்டு, பேனாவைத் தூக்கியபடியே கேட்டான்:

“எந்த வருசம் படிச்சனீங்கள் ஐயா?”

நான் இங்கே படிக்கவில்லை தம்பி என்றேன்.

“பிள்ளையள் படிக்கினமோ?”

இல்லை என்றேன்.

அவன் சீட்டைக் கிழிக்காமல் என்னையே பார்த்தான். கேலி எதுவும் இல்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டான்: “அப்ப ஏன் ஐயா குடுக்கிறீங்கள்?”