எள்ளலும் முகமலர்ச்சியும்: ‘பாத்துமாவின் ஆடு’ குறித்துச் சில சிந்தனைகள்

சகோதரனைக் காணும்போது முகம் மலர்வதும் ஒரு தர்மமே என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்ததைத் திர்மிதீ பதிவு செய்துள்ளது. இந்நபிமொழியை அறியாத முஸ்லிம் இல்லம் அரிது. ஆயினும் அம்முகமலர்ச்சி நம் இல்லங்களில் எவ்வளவு எஞ்சியுள்ளது என நாம் கேட்டுக்கொள்வது அதனினும் அரிது. ஆவடியிலும் அம்பத்தூரிலும் இருந்து காலையில் சென்ட்ரல் நோக்கிச் செல்லும் மின்சார ரயிலில் முகங்கள் இறுகியிருக்கின்றன. மாலையில் தொழிற்பேட்டை வேலை முடித்து வாடகை வீட்டுக்குத் திரும்புவோர் தொலைக்காட்சியின் நகைச்சுவைக் காட்சிகளைக் கண்டு வாய்விட்டுச் சிரிக்கின்றனர். அக்காட்சிகளில் பலவும் ஒருவருடைய நிறத்தையோ வழுக்கையையோ பருமனையோ திக்குவாயையோ முதலாகக் கொண்டவை. அருகில் அமர்ந்திருக்கும் மனைவியோ தாயோ ஏதேனும் கேட்டால் அதே முகம் மீண்டும் இறுகிவிடுகிறது. சிரிப்பு மிகுந்திருக்கிறது, முகமலர்ச்சி குறைந்திருக்கிறது.

இவ்விரண்டும் எங்கே பிரிந்தன என்பதை ஆராய, வைக்கம் முகம்மது பஷீரின் ‘பாத்துமாவின் ஆடு’ என்னும் குறுநாவல் தக்க துணையாகும் என்று கருதுகிறோம். குளச்சல் யூசுஃப் போன்றோரின் மொழிபெயர்ப்புகளால் பஷீர் இன்று தமிழ் வாசகர்க்கு அயலவர் அல்லர். இந்நூல் 1954இல் எழுதப்பெற்று 1959இல் வெளிவந்தது. மனநோய்க்குச் சிகிச்சை பெற்று வந்த காலத்தில் இதனை எழுதியதாக ஆசிரியரே முன்னுரையில் ஒளிவின்றிக் கூறுகிறார். மலையாளத்தின் மிக மகிழ்வான நூல்களுள் ஒன்று, மனம் கலங்கிய காலத்தில் பிறந்தது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. மகிழ்ச்சியான மனநிலை அமைந்த பின்னரே சிரிக்க முடியும் என்று நாம் நம்பியிருக்கிறோம். பஷீரோ சிரித்துச் சிரித்தே அம்மனநிலையை நோக்கித் திரும்பி வருகிறார்.

அமைதி நாடித் தலையோலப்பறம்பில் உள்ள குடும்ப வீட்டுக்கு வரும் எழுத்தாளருக்கு அங்கே கிடைப்பது இரைச்சல். உம்மா, தம்பிகள், தங்கைகள், அவர்தம் பிள்ளைகள், கோழிகள், இவற்றுக்கிடையே தங்கை பாத்துமாவின் ஆடு. வீட்டில் ஒவ்வொருவரும் தனித்தனியே இரகசியமாக அவரிடம் பணம் கேட்கின்றனர். தம்பி ஹனீஃபா எதற்கெடுத்தாலும் பட்டாளத்திற்கே திரும்பிப் போய்விடுவதாக மிரட்டுகிறான். ஆடு ஒரு நாள் எழுத்தாளரின் அறையில் நுழைந்து ‘பால்யகால சகி’யையும் ‘சப்தங்க’ளையும் தின்கிறது. அவர் பதறவில்லை. கம்பளியில் வாய் வைக்கும்போதுதான் ஓடி வருகிறார். நூல்களுக்கு வேறு பிரதிகள் உண்டு, கம்பளிக்கு வேறு பிரதி இல்லை என்பது அவருடைய வாதம்.

இவ்விடத்தில் தொல்காப்பியத்தை நினைவுகூர்வது பொருத்தமாகும். மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையை முதலில் வைக்கும் அந்நூல், எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கனை அதன் நிலைக்களன்களாகக் காட்டும். உரையாசிரியர் பேராசிரியர் எள்ளலை இரண்டாகப் பகுக்கிறார்: தான் பிறரை எள்ளி நகுவது ஒன்று; பிறரால் தான் எள்ளப்பட்டவிடத்து நகுவது மற்றொன்று. நம் திரைநகைச்சுவை பெரும்பாலும் முதல் வகையிலேயே தேங்கிவிட்டது. பஷீர் தேர்ந்துகொண்டது இரண்டாம் வகை. தம் பெயரையும் புகழையும், ஏன், தம் நோயையுமே முதலில் நகைப்பிற்கு ஒப்புக்கொடுத்த பின்னரே உம்மாவையும் தம்பியரையும் பார்த்துச் சிரிக்கிறார். ஆதலின் அச்சிரிப்பில் எவரும் சிறுமைப்படுவதில்லை.

ஷமாயில் நூலில் இடம்பெற்றுள்ள ஜாஹிர் (ரலி) அவர்களின் நிகழ்ச்சியும் இதனையே உணர்த்துகிறது. அழகற்ற தோற்றமுடையவர் எனக் குறிப்பிடப்படும் அக்கிராமவாசி, சந்தையில் பொருள் விற்றுக்கொண்டிருந்தபோது நபிகள் (ஸல்) அவர்கள் பின்னாலிருந்து கட்டியணைத்து, இந்த அடிமையை வாங்குவோர் யார் என விளையாட்டாகக் கேட்டார்கள். தமக்கு விலை மலிவாகவே கிடைக்கும் என்று அவர் கூறியபோது, அல்லாஹ்விடம் அவர் மலிவானவர் அல்லர் என்று பதிலளித்தார்கள். தம்மைத் தாமே தாழ்த்திக்கொண்ட ஒருவரை அக்கேலி உயர்த்தி நிறுத்தியது. கேலியின் தகுதியை அளக்க இதனினும் சிறந்த கோல் வேண்டுவதில்லை.

இக்கோலால் பஷீரையும் அளந்தாக வேண்டும். பாத்துமா ஏழை. ஆட்டுப்பாலை விற்று வாழ்வைச் சற்று நிமிர்த்திக்கொள்ளலாம் என்பது அவளுடைய கனவு. ஆனால் உம்மாவும் வீட்டுப் பெண்களும் அவளறியாமல் ஆட்டைக் கறந்துவிடுகின்றனர். கணவன் பட்ட கடனுக்காகத் தம்பி அப்துல் காதருக்கும் அவள் பாலைக் கையூட்டாக அளக்க நேர்கிறது. முதல் வாசிப்பில் நாம் சிரிக்கிறோம். மறுவாசிப்பிலோ, இச்சிரிப்பின் செலவை யார் ஏற்கிறார் என்ற கேள்வி எழுகிறது. அடுப்படிக்குள் நுழைய வேண்டாத, அப்போது மணமாகாதிருந்த மூத்த சகோதரருக்கு எல்லாம் வேடிக்கையாய்த் தோன்றலாம். பாத்துமாவுக்கு அது அன்றாட இழப்பு. அவளுடைய அழுகையை ஆசிரியர் மறைக்கவில்லை. ஆனால் அங்கே நெடுநேரம் நிற்கவுமில்லை. இதனை இந்நூலின் குறையென்றே கூறுவோம். எனினும், கேள்வி எழுவதற்கான செய்திகள் அனைத்தையும் நம் முன் வைத்தவரும் அவரே என்பதை மறுப்பதற்கில்லை.

இக்குறை பஷீருடையது மட்டுமன்று. பூந்தமல்லி நெடுஞ்சாலையோரத் திருமண மண்டபங்களில் வலீமா விருந்தின்போது மணமகளின் நிறத்தைப் பற்றியோ அவள் வீட்டார் செய்த சீரைப் பற்றியோ எவரேனும் ஒரு சொல் உதிர்ப்பர், கூட்டம் சிரிக்கும். அவள் முகம் வாடினால், விளையாட்டாய்ச் சொன்னதைப் பொறுக்கத் தெரியவில்லை என்ற பழியும் அவள்மீதே விழும். அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 11ஆம் வசனம், ஆண்கள் ஆண்களைப் பரிகசித்தலைத் தடுத்ததோடு நில்லாமல், பெண்கள் பெண்களைப் பரிகசித்தலையும் தனியே எடுத்துக்கூறித் தடுக்கிறது. பரிகசிக்கப்படுவோர் பரிகசிப்போரினும் மேலானவராக இருக்கக்கூடும் என்பது அவ்வசனம் காட்டும் காரணம். கூடத்தில் எழும் சிரிப்பு அடுப்படியில் என்னவாகிறது என்பதை அவ்வசனம் அறிந்தே பேசுகிறது.

எனவே நாம் குறைத்துக்கொள்ள வேண்டியது சிரிப்பை அன்று. சிரிப்பின் செலவை மெலிந்தவர்மீது சுமத்தும் வழக்கத்தையே. ‘பாத்துமாவின் ஆடு’ வீட்டில் பலர் கூடியிருந்து உரக்க வாசிக்கத்தக்க நூல். அவ்வாறு வாசிக்கும்போது யார் எவ்விடத்தில் சிரிக்கவில்லை என்பதையும் கவனித்தல் நன்று. முகமலர்ச்சி என்னும் அந்தத் தர்மத்தை நாம் முதலில் யாருக்குச் செலுத்த வேண்டும் என்பது அப்போது தெரிந்துவிடும்.