முல்லையாகும் பாலை

குறிஞ்சியும் முல்லையும் இயல்பு கெட்டுப் பாலையாவதைச் சிலப்பதிகாரம் காட்டிற்று. பாலை முல்லையாவதைக் காட்டுகிறது, பிரான்சின் மிஜு கேம்ஸ் 2024இல் முழுமையாக வெளியிட்ட ‘தி பிளானட் கிராஃப்டர்’ என்னும் கணினி விளையாட்டு.

உயிரற்ற கோளொன்றில் தண்டனைக் கைதி ஒருவன் தனியே இறக்கப்படுகிறான். இரும்பும் பனிக்கட்டியும் பொறுக்கி உறைவிடம் அமைக்கிறான். காற்றழுத்தம், வெப்பம், உயிர்வளி ஆகியவற்றைப் பொறிகளால் பெருக்குகிறான். வானம் நீலமாகிறது, மழை பெய்கிறது, பாசி படர்ந்து, பின்னர் மரம் எழுகிறது. தாக்க வரும் பகைவர் எவருமிலர். முதல் மழை இறங்கும் இடம் கவிதையே எனலாம்.

குறையும் அங்கேதான் உள்ளது. பொறியை நிறுவிவிட்டால் பசுமை தானே பெருகுகிறது. கையில் காய்ப்பு ஏறுவதில்லை. நெகிரி செம்பிலானில் காடழித்து இரப்பர் நட்ட தமிழரோ கங்காணியின் கீழ்க் கூட்டமாக வந்தவர்கள். காய்ச்சலுக்கு இரையானோர் பலர். அவர்கள் திருத்திய நிலம் அவர்களுக்கு உரியதாகவில்லை. சிரம்பான், நீலாய்ப் பக்கங்களில் தோட்டங்கள் பல பின்னர் வீடமைப்புப் பகுதிகளாயின. கைதியின் உழைப்பு ஒரு நிறுவனத்துக்கே என்பதை விளையாட்டு மறைக்கவில்லை. ஆயினும் அவ்விழையை மிக மெலிதாகவே நூற்கிறது. பசுமையான பின் அக்கோள் யாருடையது என்பதைத் தோட்டத்துப் பாட்டி எவரும் முதலில் கேட்டிருப்பார்.