கடைசி இடத்திலிருந்து அல்பைன் எழுமா?

போர்மியூலா 1 அணிகளின் புள்ளிப் பட்டியலில் கடந்த ஆண்டு முதலிடம் பிடித்த மக்லரன் எடுத்தது 833. கடைசி இடத்தில் நின்ற அல்பைன் எடுத்தது 22. ஒன்பதாவதாக வந்த சௌபருக்குக்கூட 70 புள்ளிகள் கிடைத்தன. அல்பைனின் அந்த 22ஐயும் பியர் காஸ்லி ஒருவரே சேர்த்தார். இரண்டாவது காரை முதல் ஆறு போட்டிகளில் ஜக் டூஹனும், அதன்பின் பிராங்கோ கொலபின்டோவும் ஓட்டினார்கள். இருவருக்கும் பூச்சியம்.

காஸ்லியும் கொலபின்டோவும் இந்த ஆண்டும் தொடர்கிறார்கள். மார்ச் 8இல் மெல்பேர்னில் பருவம் தொடங்குகிறது. இந்த அணியை நம்பலாமா என்று கேட்பவர்களுக்கு, தமிழகத்துக்காரர் இருவர் ஓட்டிய எச்.ஆர்.டி. என்ற ஸ்பானிய அணியை நினைவூட்ட விரும்புகிறேன்.

2010 மார்ச், பஹ்ரெய்ன். சென்னையின் கருண் சந்தோக்குக்கு அது முதல் போட்டி. மற்றவர்கள் பயிற்சிச் சுற்றுகளை ஓடி முடிக்கிறார்கள். அவருடைய கார் ஓடும் நிலையிலேயே இல்லை. தகுதிகாண் சுற்று தொடங்கிய பிறகுதான் அவர் அந்தக் காரை முதன்முதலாக ஓட்டினார். கார் எப்படித் திரும்பும், பிரேக் எங்கே பிடிக்கும் என்பதை, உலகமே நேரம் கணக்கிட்டுக்கொண்டிருந்தபோதுதான் அவர் அறிந்துகொண்டார். மறுநாள் போட்டி தொடங்கிய சற்று நேரத்திலேயே தடத்தை விட்டு விலகி வெளியேறினார். இதற்கு ஓட்டுநரைக் குறை சொல்ல முடியுமா?

அடுத்த ஆண்டு கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன் வந்தார். அப்போது 107 வீத விதி மீண்டும் நடைமுறைக்கு வந்திருந்தது. முதல் தகுதிகாண் கட்டத்தில் அதிவேகக் கார் 100 செக்கனில் ஒரு சுற்றை முடித்தால், மற்றவர்கள் 107 செக்கனுக்குள் முடிக்க வேண்டும். இல்லையேல் போட்டியில் இடமில்லை. 2011 மெல்பேர்னில் எச்.ஆர்.டி.யின் இரு கார்களும் அந்த எல்லையைத் தொடவில்லை. 2012இலும் அதே மெல்பேர்ன், அதே முடிவு. இரண்டு முறையும் புதிய காரைப் பருவத்துக்கு முன் ஒழுங்காக ஓட்டிப் பார்க்க அவகாசம் கிடைக்கவில்லை. மூன்று பருவங்களில் ஒரு புள்ளிகூட எடுக்காமல், வாங்க ஆளில்லாமல், 2012 இறுதியில் அணி மூடப்பட்டது.

பின்தங்கிய அணியை எடைபோட ஓட்டுநரின் பெயரைப் பார்த்தால் போதாது. போட்டி நடக்காத மாதங்களில் அணி என்ன செய்தது என்று பார்க்க வேண்டும். அந்தக் கணக்கில் அல்பைன் எச்.ஆர்.டி. அல்ல. இங்கிலாந்தின் என்ஸ்டனில் உள்ள இதே தொழிற்கூடம்தான் பெனட்டன் என்ற பெயரில் 1994, 1995இல் சூமாக்கரையும், ரெனோ என்ற பெயரில் 2005, 2006இல் அலொன்சோவையும் உலக சம்பியனாக்கியது.

2026 விதிகளும் கதவைத் திறந்து வைத்திருக்கின்றன. காரின் குறைந்தபட்ச எடை 768 கிலோவாக இறங்குகிறது. மின்மோட்டாரின் வலு 120 கிலோவாட்டிலிருந்து 350ஆக ஏறுகிறது. ஏறக்குறைய பாதிச் சக்தி மின்சாரத்திலிருந்து வரும். இதை எதிர்பார்த்தே அல்பைன் கடந்த ஆண்டுக் காரை முன்கூட்டியே கைவிட்டு, புதிய காரில் கவனம் செலுத்தியது. பட்டியலில் கீழே நிற்கும் அணிக்குக் காற்றுச் சுரங்கச் சோதனை நேரம் கூடுதலாகக் கிடைப்பதும் விதி.

இதற்கு நல்லதொரு முன்னுதாரணம் உண்டு. 2008இல் ஹொண்டா 14 புள்ளிகளுடன் ஒன்பதாவதாக வந்தது. அந்தக் காரைக் கைவிட்டு, 2009இன் புதிய விதிகளுக்காக உழைத்தது. ஹொண்டா விலகிய பிறகு ரொஸ் பிரவுன் அணியை ஏற்று, மேர்சிடிஸ் எஞ்சினைப் பொருத்தினார். முதல் ஏழு போட்டிகளில் ஆறை ஜென்சன் பட்டன் வென்றார். ஓட்டுநர், அணி என இரு சம்பியன் பட்டங்களும் பிரவுன் அணிக்கே போயின.

அல்பைனும் தாய் நிறுவனமான ரெனோவின் எஞ்சினை விட்டு, இந்த ஆண்டு முதல் மேர்சிடிஸ் எஞ்சினுக்கு மாறுகிறது. பலர் இந்த ஒரு காரணத்துக்காகவே அணி மேலே வரும் என்கிறார்கள். இரத்தினபுரிக்காரர்களுக்கு இதில் உள்ள பிழை எளிதில் விளங்கும். மாணிக்கக் குழிக்குத் தண்ணீர்ப் பம்பி வேண்டும். அது இல்லாவிட்டால் குழி நிரம்பிவிடும், வேலை நின்றுவிடும். பம்பி தந்தவருக்கு வருமானத்தில் பங்கே உண்டு. ஆனால் பம்பி நல்லது என்பதற்காகக் கல் கிடைத்துவிடாது. குழி வெட்டிய இடத்தில் ‘இல்லம்’ எனப்படும் மாணிக்கச் சரளைப் படிவு இருக்க வேண்டும். வில்லியம்ஸ் 2018 முதல் 2020 வரை மூன்று ஆண்டுகளும் கடைசியாக வந்தபோது, அதன் காரில் இருந்ததும் மேர்சிடிஸ் எஞ்சின்தான்.

அதே வில்லியம்ஸ் இன்னொன்றையும் காட்டுகிறது. அதுவும் 2026ஐ மனதில் வைத்துக் கடந்த ஆண்டுக் காரில் அதிகம் செலவிடவில்லை. ஆனாலும் 137 புள்ளிகளுடன் ஐந்தாவதாக வந்தது. ஆகவே, “வேண்டுமென்றே விட்டுக்கொடுத்தோம்” என்ற விளக்கம் அல்பைனின் 22க்கு முழுப் பதிலாகாது. ரெனோ எஞ்சினின் பலவீனத்தைக் கழித்தாலும் மீதிக் குறை காரிலும் நிர்வாகத்திலும்தான். 2023 நடுப்பகுதியிலிருந்து சாஃப்நவர், பமின், ஓக்ஸ் என மூன்று அணித் தலைவர்கள் விலகிவிட்டார்கள். ஒருவர் தொடங்கியதை அடுத்தவர் மாற்றினால் வேலை எப்படி முன்னேறும்? இப்போது பிளேவியோ பிரியாட்டோரேயின் கையில் கடிவாளம் இருக்கிறது. அவருக்குக் கீழே அன்றாட வேலையைப் பார்க்கும் ஸ்டீவ் நீல்சன் இந்த ஆண்டு முழுக்க நிலைத்தால் அதுவே ஒரு முன்னேற்றம்.

இன்னொரு கணக்கும் உண்டு. மேர்சிடிஸ் எஞ்சின் அல்பைனுக்கு மட்டும் கிடைக்கவில்லை. மேர்சிடிஸ், மக்லரன், வில்லியம்ஸ் ஆகிய மூன்று அணிகளிலும் அதே எஞ்சின்தான். அந்த எஞ்சின் சிறந்ததாக அமைந்தால் அந்த மூன்றும் அல்பைனுக்கு முன்னால் நிற்கும். இனி எஞ்சினைச் சாட்டாகச் சொல்லவும் வழியில்லை.

ஜனவரி இறுதியில் பார்சிலோனாவிலும், பெப்ரவரியில் பஹ்ரெய்னிலும் பரிசோதனை ஓட்டங்கள் நடக்கின்றன. அங்கே யார் வேகம் என்று பார்க்காதீர்கள். எரிபொருளைக் குறைத்து ஓடினால் யாரும் நல்ல நேரம் காட்டலாம். அல்பைன் ஒரு நாளில் எத்தனை சுற்று ஓடுகிறது என்று எண்ணுங்கள். பழுதில்லாமல் ஓடி முடித்தால் புதிய எஞ்சினும் கியர் பொக்ஸும் காரோடு பொருந்திவிட்டன என்று கொள்ளலாம்.

என் கணிப்பு இது: பிரவுன் அணியின் அதிசயம் திரும்ப வராது. பதினொரு அணிகளில் அல்பைன் ஆறாவது அல்லது ஏழாவது இடத்துக்கு வரும். கொலபின்டோவும் புள்ளி எடுத்தால் ஆறு. காஸ்லி மீண்டும் தனியாகச் சுமந்தால் ஏழு. அதற்குக் கீழே நின்றால், கடந்த ஆண்டைப் பலி கொடுத்தது வீண். மெல்பேர்ன் போட்டி நமது நேரப்படி ஞாயிறு காலை 9.30க்கு.