அகமும் அமானிதமும்

'தனியுரிமை' என்னும் சொல் தமிழுக்குப் புதியது. சொல் புதியது என்பதாலேயே பொருளும் நமக்குப் புதியது என்று கருதுவோர் உளர். "நாம் கூடி வாழ்ந்தவர்கள், ஒரு வீட்டுச் செய்தி ஊருக்கே தெரிந்திருந்த காலம் நம்முடையது, மறைப்பும் தனிமையும் மேனாட்டு வழக்கம்" என்று அவர்கள் வாதிக்கின்றனர். இது வெறும் திண்ணைப் பேச்சன்று. 2015ஆம் ஆண்டில், ஆதார் வழக்கின்போது, தனியுரிமை என்பது அரசமைப்புச் சட்டம் உறுதியளித்த அடிப்படை உரிமையன்று என்று ஒன்றிய அரசின் தலைமை வழக்குரைஞரே உச்ச நீதிமன்றத்தில் எடுத்துரைத்தார். 2017 ஆகஸ்ட் 24ஆம் நாள் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, கே. எஸ். புட்டசாமி வழக்கில், அவ்வாதத்தை ஒருமித்துத் தள்ளியது. சட்டத்தின் அளவில் ஐயம் தீர்ந்தது. மக்களின் மனத்தில் அது தீர்ந்துவிட்டதாக நமக்குத் தோன்றவில்லை.

நாம் பயின்ற இரு கல்விகளும், தமிழும் அரபும், மேற்சொன்ன வாதத்துக்கு இடம் தரவில்லை. அவை என்ன சொல்கின்றன என்பதை முதலில் பார்த்து, பின்னர் நம் புதுவையிலேயே நடந்த ஒரு நிகழ்ச்சியை அவற்றின் ஒளியில் ஆராய்வோம்.

தமிழ் தன் இலக்கியம் முழுவதையும் அகம், புறம் என இரண்டாகப் பகுத்தது. அகம் என்ற சொல்லுக்கு உள், மனம், வீடு என மூன்று பொருளும் உண்டு என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். மன்னனின் போரும் கொடையும் புறம். அங்கே பெயரும் ஊரும் குலமும் விளங்கச் சொல்லப்படும். இருவரிடையே நிகழும் அன்பு அகம். அங்கே எவரது பெயரையும் சுட்டிக் கூறலாகாது என்று தொல்காப்பியம் அகத்திணையியலில் விதிக்கிறது. அகத்தைப் பாடத் தடையில்லை. அதன் நுட்பங்களையெல்லாம் பாடலாம். ஆனால் அது இன்னாருடையது என்று காட்டிக்கொடுக்கக் கூடாது. உள்வாழ்வையும் பெயரையும் ஒரே இடத்தில் சேர்த்து வைக்காதே என்பதே அவ்விதியின் சாரம்.

இவ்விதியை நம் முன்னோர் எத்துணை நுட்பமாகக் கையாண்டனர் என்பதற்கு நெடுநல்வாடை சான்று. கூதிர்காலத்து இரவில் அரண்மனையில் தனித்திருக்கும் அரசியின் துயரத்தையும், பாசறையில் உறக்கமின்றிப் புண்பட்ட வீரரைக் காணச் செல்லும் அரசனையும் நக்கீரர் அதில் பாடுகிறார். யார் பெயரும் அதில் இல்லை. ஆயினும் அரசனுக்கு முன் செல்பவனின் வேலில் வேப்பந்தார் கட்டியிருப்பதாக ஒரு செய்தி வருகிறது. வேம்பு பாண்டியரின் பூ. அந்த ஒரு பூ ஆளைக் காட்டிவிடுகிறது. ஆகவே இப்பாட்டு அகமாகாது என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் முடிவு செய்தார். இம்முடிவை மறுத்த பிற்காலத்து அறிஞரும் உண்டு. அவ்விலக்கிய வழக்கு இங்கே நமக்கு வேண்டுவதன்று. பெயரை மறைத்தால் போதாது, அடையாளம் ஒன்று எஞ்சினாலும் அகம் புறமாகிவிடும் என்ற அறிவு இந்நாட்டில் இருந்தது என்பதே நமக்கு வேண்டியது. "பெயர்களை நீக்கிவிட்டோம், எண்களை மட்டுமே வைத்திருக்கிறோம்" என்று இன்றைய நிறுவனங்கள் கூறும்போது, அந்த வேப்பந்தாரை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். கைப்பேசி எண், வயது, தெரு ஆகிய மூன்றும் சேர்ந்தால் ஆளைக் கண்டுகொள்ள வேறு பூ எதற்கு?

இனி அரபுக் கல்வி கூறுவதைக் காண்போம். பிறர் இல்லத்தில் அனுமதி பெறாமலும் ஸலாம் உரைக்காமலும் நுழையாதீர் என்று திருமறையின் அந்நூர் அத்தியாயம் (24:27) பணிக்கிறது. திரும்பிச் செல்லுங்கள் எனப்பட்டால் திரும்பிவிட வேண்டும் என்று அடுத்த வசனம் கூறுகிறது. துருவி ஆராய்தலை, அதாவது 'தஜஸ்ஸுஸை', அல்ஹுஜுராத் அத்தியாயம் (49:12) வெளிப்படையாகவே விலக்குகிறது. அனுமதி கோருதலுக்கென இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தம் தொகுப்பில் தனியொரு பாடமே அமைத்துள்ளார்கள். அண்ணல் நபி (ஸல்) அவர்களின் இல்லத்துள் துவாரம் வழியே ஒருவர் எட்டிப் பார்த்த செய்தி அதில் வருகிறது. அவரை அண்ணலார் கடுமையாகக் கண்டித்து, அனுமதி என்பது ஏற்பட்டதே பார்வையின் பொருட்டுத்தான் என்று விளக்கினார்கள். அந்த மனிதர் எதையும் எடுக்கவில்லை. வீட்டினுள் கால் வைக்கவுமில்லை. பார்த்தது ஒன்றே குற்றமாயிற்று. "தகவலைப் பார்த்தோமே தவிர, எவருக்கும் தீங்கு செய்யவில்லையே" என்போருக்கு இதைவிடத் தெளிவான மறுமொழி கிடைப்பது அரிது.

"குற்றமற்றவனுக்கு மறைக்க என்ன இருக்கிறது?" என்ற கேள்வியும் அடிக்கடி எழுகிறது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் இஹ்யாவிலும் பிற நூல்களிலும் காணப்படும் ஒரு நிகழ்ச்சி இதற்கு விடையாகிறது. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் இரவில் நகர்வலம் வருகையில், ஒரு வீட்டின் சுவரேறி இறங்கி, பாவச் செயலில் இருந்த ஒருவனைக் கையும் களவுமாகக் கண்டார்கள். அவனோ, "நான் செய்தது ஒரு தவறு, தாங்கள் செய்தது மூன்று. துருவிப் பார்த்தீர்கள், வாசல் வழி வரவில்லை, ஸலாமும் அனுமதியும் இன்றி நுழைந்தீர்கள்" என்னும் கருத்துப்பட விடையிறுத்தான். கலீஃபா அவர்கள் அதை ஏற்றுத் திரும்பினார்கள். இங்கே அவன் குற்றமற்றவன் அல்லன் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். தீயவனின் வீட்டுக்கும் வாசல் உண்டு; ஆள்பவருக்கும் அவ்வாசலே வழி. குற்றமற்றவர்க்கு மட்டும் உரியதாயின் அதை உரிமை என்று அழைக்க இயலாது. அது நன்னடத்தைக்குத் தரும் பரிசாகிவிடும்.

இவ்விரு அளவுகோல்களையும் கொண்டு நம் ஊருக்கு வருவோம். 2021ஆம் ஆண்டு புதுச்சேரி சட்டமன்றத்தின் 30 தொகுதிகளுக்குத் தேர்தல் அறிவிக்கப்பட்ட வேளையில், வாக்காளர் பலரின் கைப்பேசிக்குக் குறுஞ்செய்திகள் வந்தன. அவற்றில் இருந்த இணைப்பைத் தொட்டால், பாரதிய ஜனதா கட்சியின் பெயரில் வாக்குச்சாவடி வாரியாக அமைந்த வாட்ஸ்அப் குழுவில் சேரலாம். ஆதாருடன் இணைத்த கைப்பேசி எண்களுக்கே இச்செய்திகள் வந்தன என்று குற்றம்சாட்டி, இந்திய ஜனநாயக வாலிபர் சங்கத்தின் புதுவைத் தலைவர் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார். தலைமை நீதிபதி சஞ்சிப் பானர்ஜி, நீதிபதி செந்தில்குமார் ராமமூர்த்தி ஆகியோர் கொண்ட அமர்வு அவ்வழக்கை விசாரித்தது. எண்களைத் தம் தொண்டர்கள் வீடு வீடாகச் சென்று திரட்டியதாகக் கட்சி கூறி, குற்றச்சாட்டை மறுத்தது. தன்னிடமிருந்து தகவல் எதுவும் கசியவில்லை என்று ஆதார் ஆணையம் கூறியது. எனினும், குற்றச்சாட்டு நம்பத்தக்கதாக உள்ளது என்றும், ஆணையம் இதற்கு விடை கூறியாக வேண்டும் என்றும் நீதிமன்றம் கருதியது. தேர்தல் ஏப்ரல் 6ஆம் நாள் நடைபெற்றது.

எவர் மீதும் தீர்ப்புக் கூறுவது நம் வேலையன்று. கட்சி கூறிய விடையை உண்மையென்றே கொண்டு ஆராய்வோம். தொண்டர் ஒருவர் வாசலில் வந்து நின்று எண்ணைக் கேட்டார்; வீட்டுக்காரரும் கொடுத்தார் என்றே வைத்துக்கொள்வோம். எதற்காகக் கொடுத்தார்? எத்தனை நாளைக்கு? எவர் கையில் இருக்கட்டும் என்று? நம் புதுவையின் பழைய தமிழ் வீடுகளைப் பாருங்கள். தெருவை ஒட்டித் தாழ்வாரம். வழிப்போக்கர் யாரும் வெயிலுக்கு ஒதுங்கலாம். அடுத்துத் திண்ணை, அறிந்தவர் அமரலாம். அதைக் கடந்து முற்றம், உறவினர் வரலாம். அதற்கும் உள்ளே அறைகள். தாழ்வாரத்தில் நிற்க இசைவு பெற்றவர் முற்றத்துக்கும் இசைவு பெற்றவர் ஆகார். ஒவ்வொரு படிக்கும் தனித்தனி அனுமதி வேண்டும். வாசலில் கொடுத்த எண்ணைக் கொண்டு வாக்குச்சாவடி வாரியாக மக்களைப் பிரித்து அடுக்குவது, தாழ்வாரத்தில் நின்றவர் கேளாமலே அறைக்குள் வந்து அமர்வதை ஒக்கும்.

ஒருவர் பேசும்போது சுற்றுமுற்றும் திரும்பிப் பார்த்தாரானால், அவர் சொன்னது கேட்டவரிடம் அமானிதம் என்ற கருத்தில் ஒரு நபிமொழி உண்டு. "இதை வெளியே சொல்லாதீர்" என்று அவர் வாய்திறந்து கேட்க வேண்டியதில்லை; திரும்பிப் பார்த்த பார்வையே போதும். அமானிதத்தின் எல்லையைக் கொடுத்தவரின் கருத்தே வகுக்கிறது. பெற்றவரின் வசதி வகுப்பதில்லை.

2023இல் இயற்றப்பட்ட எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ஒருவகையில் இதையே சொல்கிறது. ஒப்புதல் தன்விருப்பமாக, குறிப்பிட்ட நோக்கத்துக்கு உரியதாக, அறிந்து அளித்ததாக இருக்க வேண்டும் என்கிறது. அறிவிப்பை எட்டாம் அட்டவணை மொழிகளில் பெறவும் வழி செய்கிறது. தமிழ் அறிந்தவர் தமிழிலேயே படித்து இசையலாம் என்பது வரவேற்கத்தக்கது. 2025 நவம்பரில் விதிகளும் வெளியாயின. எனினும் இச்சட்டத்தின் 17ஆம் பிரிவு, அரசின் அமைப்புகளுக்கு முழு விலக்கு அளிக்கும் அதிகாரத்தை ஒன்றிய அரசின் கையிலேயே வைத்திருக்கிறது. முறையீட்டை விசாரிக்கும் வாரியத்தை அமைப்பதும் அதே அரசு. உமர் (ரலி) அவர்களின் நிகழ்ச்சியில் வாசல் விதி கலீஃபாவையும் கட்டுப்படுத்தியது. இங்கோ வணிகர் வாசல் வழி வர வேண்டும். அரசு விரும்பினால் சுவரேறலாம் என்று ஆகிறது.

இதினும் வியப்புக்குரியது, புறத்துக்கு உரியவர்கள் அகத்தின் திரையை எடுத்துத் தம்மைப் போர்த்திக்கொள்வது. 2018இல் வந்த தேர்தல் பத்திரத் திட்டத்தில் கட்சிகளுக்கு நிதி தந்தவர் யார் என்பது வாக்காளருக்கு மறைக்கப்பட்டது. கொடையாளரின் தனியுரிமை அதற்குக் காரணமாகக் காட்டப்பட்டது. 2024 பிப்ரவரி 15ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அத்திட்டத்தைச் செல்லாததாக்கியது. 2023ஆம் ஆண்டுச் சட்டமோ தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8ஆம் பிரிவைத் திருத்தி, தனிநபர் தகவலை மறுப்பதற்கு அங்கே இருந்த நிபந்தனைகளை நீக்கிவிட்டது. பொதுநலன் கருதி வெளியிட இன்னொரு உட்பிரிவு எஞ்சியிருப்பது உண்மையே. ஆயினும் மறுப்பது எளிதாகிவிட்டது. குடிமகனின் எண் கட்சிக்குத் தெரிய வேண்டும், கட்சியின் கணக்கு குடிமகனுக்குத் தெரியக் கூடாது என்றால், அகமும் புறமும் இடம் மாறிவிட்டன என்றே கொள்ள வேண்டும்.

ஆள்வோரைக் குறைகூறி முடித்துக்கொள்வது எளிது. நம் சமுதாயத்தின் நிலையையும் எண்ணிப் பார்ப்பது கடமை. 2021 ஜூலையிலும் 2022 ஜனவரியிலும் முஸ்லிம் பெண்களின் படங்களை அவர்கள் அறியாமல் எடுத்து, ஏலப்பொருள்போல் காட்டிய இரு செயலிகள் வெளிவந்தன. அவற்றின் பெயர்களை இங்கே எழுத நம் மனம் ஒப்பவில்லை. பத்திரிகையாளர், சமூகப் பணியாளர் எனப் பொதுவாழ்வில் துணிந்து நின்ற பெண்களே அதற்கு இலக்காயினர். நாம் கொதித்தோம், கொதித்தது முறையே. ஆனால் அப்போது நம்மவரில் சிலர், "பெண்கள் படத்தை வெளியிட்டது ஏன்?" என்று கேட்டதையும் மறப்பதற்கில்லை. திருமறை துருவிப் பார்ப்பவரையே விலக்கிற்று. வீட்டுக்குச் சுவர் உயரம் போதவில்லை என்று வீட்டுக்காரரைக் குற்றம்சாட்டவில்லை.

ரமலானில் அரிசிப் பை பெறும் கைம்பெண்ணைப் பையோடு நிறுத்திப் படம் எடுத்து, குழுக்களில் பரப்பும் வழக்கம் ஊர்தோறும் பெருகியுள்ளது. வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாதவாறு தருமம் செய்பவரின் சிறப்பை மிம்பர்களில் கேட்டு வளர்ந்த சமுதாயம் இது. நன்கொடையாளருக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்கின்றனர். கணக்கைத் தொகையாகக் காட்டலாமே, முகமாகக் காட்டுவானேன்? தலாக் வழக்குகளில் பெண் வீட்டார் ஜமாஅத்துக்கு எழுதும் விண்ணப்பங்கள் கைப்பேசியில் படமாகி, மாலைக்குள் பல ஊர்களைச் சுற்றி வருவதும் நடக்கிறது. திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு ஒருத்தி சொன்ன சொல், அமானிதமாகக் கேட்டவரின் விரல் நுனியிலிருந்தே புறப்பட்டுச் செல்கிறது. இதற்கு எந்தக் கட்சியும் காரணமன்று. எந்த நிறுவனமும் காரணமன்று.

கருவிகளை வெறுத்து ஒதுக்க வேண்டும் என்பது நம் கருத்தன்று. அச்சு வந்தபோதும் ஒலிபெருக்கி வந்தபோதும் எழுந்த வாதங்களை நம் சமுதாயம் அறியும். அவற்றால் பெற்ற நன்மையையும் அறியும். கைப்பேசி இல்லாமல் இன்று கடல்கடந்து வாழும் மகனின் குரல் தாய்க்கு எட்டாது. ஆனால் கருவி எதுவாயினும் அதன் முன் ஒரு வாசல் இருக்க வேண்டும்; அவ்வாசலில் கேட்கவும், மறுத்தால் திரும்பவும் நாம் பழக வேண்டும்.

இப்பழக்கத்தை முதலில் நம் மஹல்லாக்களிலேயே தொடங்கலாம். குடும்ப அட்டவணை எடுக்கும் ஜமாஅத், அது எதற்கு, எவர் பொறுப்பில், எதுவரை என்பதைத் தாளின் தலைப்பில் எழுதட்டும். உதவி பெறுபவரைப் படமெடுப்பதில்லை என்று நிர்வாகக் குழு தீர்மானம் இயற்றட்டும். விண்ணப்பங்கள் பேழையில் பூட்டப்படட்டும். மக்தபில் நுழைவு அனுமதியின் ஒழுக்கத்தைப் பாடம் நடத்தும் உஸ்தாதுகள், வீட்டு வாசலோடு நிறுத்திவிடாமல், பிறர் கைப்பேசியைக் கேளாமல் திறப்பதும் அதே விலக்கில் அடங்கும் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லட்டும். இவற்றையெல்லாம் செய்துவிட்டு, அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு நம் தாழ்வாரத்துக்கு வருவோரிடம், "எங்கள் எண் உங்களுக்கு எவ்வாறு கிடைத்தது?" என்று கேட்போம். விடை சொல்லும் கடமை அவர்களுக்கு உண்டு.