நீளம் பொருந்தினால் போதுமா?

விண்ட்சர்ஃபிங் உலகில் இரண்டு கட்சி உண்டு. பாயைத் தைத்த நிறுவனத்தின் பாய்மரத்தையே போட வேண்டும் என்பது ஒன்று. நீளம் சரியாக இருந்தால் எந்த மரமும் ஓடும் என்பது மற்றொன்று. முன்னது விற்பவர் பேச்சு, பின்னது ஏற்கெனவே ஒரு மரம் வைத்திருப்பவர் பேச்சு. இரண்டையும் அப்படியே நம்புவதற்கில்லை.

நீளத்தில் பெரிய வாதம் இல்லை. பாயின் முன்விளிம்பு 436 செ.மீ. என்றால் 400 செ.மீ. மரமும் அடியில் 36 செ.மீ. நீட்டிப்புக் குழாயும் போதும்.

விறைப்பில்தான் சிக்கல் தொடங்குகிறது. மரத்தை இரு முனையிலும் தாங்கி, நடுவில் 30 கிலோ தொங்கவிடுவார்கள். நீளத்தைத் தாழ்ந்த அளவால் வகுத்தால் கிடைப்பது ஐ.எம்.சி.எஸ். எண். 430 மரம் சுமார் 20.5 செ.மீ. தாழ்ந்தால் 21. பலர் இந்த எண்ணோடு நின்றுவிடுகிறார்கள். ஆனால் அது நடுப்புள்ளியை மட்டுமே சொல்லும். 21 என்று அச்சிட்ட இரண்டு மரங்களில் ஒன்றின் நுனி விறைத்திருக்கும், இன்னொன்றின் நுனி சட்டென்று வளையும்.

அதைக் காட்டுவது வளைவுக்கோடு. கால் பங்கிலும் முக்கால் பங்கிலும் தாழ்வை அளந்து, நடுத்தாழ்வின் சதவீதமாக்குவார்கள். அடி 64, நுனி 76 என்றால் வித்தியாசம் 12. இது சீரான வளைவு. ஒற்றை இலக்கத்துக்கு இறங்கினால் விறைத்த நுனி, 15-ஐத் தாண்டினால் நெகிழ்ந்த நுனி. எல்லைக்கோடுகள் ஆளுக்கு ஆள் சற்று மாறும்.

மரம் நுழையும் பாயின் உறையை வெட்டுவதே ஒரு குறிப்பிட்ட வளைவை மனத்தில் வைத்துத்தான். நெகிழ்ந்த நுனிக்கு வெட்டிய பாயில் விறைத்த நுனி மரத்தை ஏற்றிப் பாருங்கள். பாயைக் கீழ்நோக்கி இழுத்துக் கட்டும் டவுன்ஹால் கயிற்றை எவ்வளவு இழுத்தாலும் மேல்பாதிப் பின்விளிம்பு தளராது. காற்று திடீரென வலுக்கும்போது பாயின் தலை திறந்து அதைக் கழித்துவிட வேண்டும். இங்கே அது திறக்காமல் பின்கையை இழுத்துக்கொண்டே இருக்கும். நேர்மாறாகப் பொருத்தினால் மேலே சீக்கிரமே தொளதொளத்துவிடும், கீழே தொந்தி அப்படியே நிற்கும். பழி பெரும்பாலும் பாயின் மேல் விழும், பாவம்.

கார்பன் சதவீதத்துக்கு இந்த வழக்கில் இடமே இல்லை. அது எடையைக் குறைக்கும், மரம் சட்டென நிமிர உதவும், பொருத்தத்தைத் தராது. வளைவு தவறிய 100 சதவீத மரத்தைவிட வளைவு சரியான 40 சதவீத மரமே மேல்.

ஆகவே, கேம்பர் (மரத்தில் முட்டி நின்று பாயின் வடிவத்தைப் பிடித்துவைக்கும் கவை) வைத்த பந்தயப் பாய்க்கு நிறுவனம் சொன்ன மரத்தையே வாங்குங்கள்; அங்கே விற்பவர் கட்சிக்கே வெற்றி. கேம்பர் இல்லாத பாய்க்கு நீளம், விட்டம், ஐ.எம்.சி.எஸ். மூன்றும் பொருந்தி, வளைவு வித்தியாசமும் இரண்டு மூன்று புள்ளிக்குள் இருந்தால் அயல் மரம் தாராளமாகப் போதும். வளைவு எண் தெரியாத பழைய மரம் எவ்வளவு மலிவாக வந்தாலும், உங்கள் பாயை அதில் ஏற்றி இழுத்துப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.