தப்பே வராத பலகை

எட்டு வரிசை, வரிசைக்கு எட்டு என்று மொத்தம் 64 ரப்பர் கட்டங்கள். சதுரங்கப் பலகை என்று நினைத்து ராஜாவையும் ராணியையும் தேடவேண்டாம். யு.எஸ்.பி. வயரால் கம்ப்யூட்டரோடு இணைத்தால் கட்டங்கள் தீபாவளி மத்தாப்பு மாதிரி கலர் கலராக ஒளிரும். ஒன்றைத் தட்டினால் டிரம், பட்டனை மாற்றித் தட்டினால் பியானோ, இன்னொரு முறை மாற்றினால் நாய் குரைக்கும். பெயர், பேட் கன்ட்ரோலர். மேடையில் ஓர் இளைஞர் லேப்டாப்புக்குப் பின்னால் நின்று, தலையை ஆட்டிக்கொண்டு, பத்து விரல்களாலும் எதையோ கொறிப்பதுபோல் தட்டுகிறார் என்றால் அநேகமாக இந்தப் பலகையைத்தான்.

பார்க்கிறவர்களுக்கு உடனே ஒரு சந்தேகம் வரும். ‘‘இவர் வாசிக்கிறாரா, இல்லை சும்மா ஸ்விட்ச் போடுகிறாரா?’’

நியாயமான சந்தேகம். கேட்டால் சங்கீதம் தெரியாதவன் என்று சொல்லிவிடுவார்களோ என்று பலர் கேட்பதில்லை. கேட்கத்தான் வேண்டும். ஒரு வாத்தியத்தைப் பற்றி விமர்சனம் எழுத உட்கார்ந்தால் முதலில் தீர்க்கவேண்டிய கணக்கே இதுதான்.

பலகைக்குச் சொந்தமாகச் சத்தம் கிடையாது. (சமீபத்திய மாடல்கள் சிலவற்றில் கம்ப்யூட்டரையே உள்ளே வைத்துவிட்டார்கள், அவற்றை விடுங்கள்.) கட்டத்தைத் தட்டினால் அது கம்ப்யூட்டருக்கு ஒரு தந்தி அடிக்கிறது. 1983-ல் வந்த மிடி என்கிற பொதுமொழியில், வெறும் மூன்று பைட் தந்தி. ‘ஒரு தட்டு விழுந்தது, இன்ன ஸ்வரம், இவ்வளவு அழுத்தம்.’ அழுத்தத்துக்கு 127 வரை மார்க். நீங்கள் பூப்போல் தொட்டால் 20, கோபமாகக் குத்தினால் 120. எப்போது தட்டினீர்கள் என்பது தந்தி போய்ச் சேர்ந்த நேரத்திலேயே தெரிந்துவிடும். ஆக எதை, எவ்வளவு அழுத்தமாக, எப்போது... இந்த மூன்றும்தான் உங்கள் விரல் கொடுத்த சங்கதி. மிச்சமெல்லாம் சாஃப்ட்வேரின் திருவிளையாடல். அந்தத் திருவிளையாடலில் உங்கள் மூன்று சங்கதிகளில் எத்தனை உயிரோடு வெளியே வருகிறது என்பதுதான் கேள்வி.

இதற்கு ஒரு சின்ன சரித்திரம் உண்டு. ரோஜர் லின் என்று ஓர் அமெரிக்கர். கிடாரிஸ்ட், எஞ்சினியர். நிஜ டிரம்ஸின் ஓசையைச் சிப்பில் பதிந்து, பட்டன் தட்டினால் ஒலிக்கும் எல்.எம்-1 என்ற மெஷினை 1980-ல் கொண்டுவந்தார். விலை கிட்டத்தட்ட 5,000 டாலர். அவருடைய கம்பெனி மூடப்பட்ட பிறகு, ஜப்பானிய அகாய் நிறுவனத்துடன் சேர்ந்து 1988-ல் வெளியிட்டது எம்.பி.சி. 60. இன்றைய பலகைகளுக்கெல்லாம் பாட்டி. நாலுக்கு நாலு, 16 கட்டங்கள். அழுத்தத்துக்கு ஏற்ப ஒலிக்கும். வெளிச் சத்தத்தைப் பதிவுசெய்து கட்டத்தில் ஏற்றலாம். மெமரி மொத்தம் 13 செகண்டுக்குத்தான். அந்த 13 செகண்டை வைத்துக்கொண்டு பழைய இசைத்தட்டுகளிலிருந்து துணுக்குத் துணுக்காக வெட்டி, கட்டங்களில் பரப்பி, விரலால் கோத்து ஹிப்-ஹாப்காரர்கள் ஒரு தனி சங்கீதத்தையே கட்டினார்கள். டி.ஜே. ஷேடோ 1996-ல் வெளியிட்ட ‘என்ட்ரொட்யூசிங்’ ஆல்பம் பெரும்பாலும் இந்த எம்.பி.சி. குடும்பத்து மெஷினில், பிறர் தட்டுகளிலிருந்து எடுத்த துணுக்குகளாலேயே செய்தது. துணுக்குத் தோரணம் என்று யாரும் ஒதுக்கவில்லை. கேட்டால் ஒரே மனசிலிருந்து வந்த மாதிரி இருக்கும்.

லின் தன் மெஷின்களில் ஒரு கருணையையும் சேர்த்து வைத்தார். காலத் திருத்தம். இன்றைய சாஃப்ட்வேர்களில் இதற்கு குவான்டைஸ் என்று பெயர். நிமிஷத்துக்கு 90 அடி வேகத்தில் ஓர் அடிக்கு 667 மில்லிசெகண்ட். அதை நாலாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 167. நீங்கள் முன்னே பின்னே தட்டினாலும் மெஷின் அதை அருகிலுள்ள கோட்டுக்கு இழுத்து ஒட்டவைக்கும். அதாவது 80 மில்லிசெகண்ட் வரை தடுமாறலாம், தண்டனை கிடையாது. விடைத்தாளைத் திருத்துகிற வாத்தியாரே சரியான விடையை எழுதி நூற்றுக்கு நூறு போட்டு அனுப்பும் பள்ளிக்கூடம். மிருதங்கம் கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு இந்தச் சலுகை கிடையாது. அங்கே தப்பினால் குருவின் பார்வைதான்.

இப்படித் திருத்தினால் ராணுவ அணிவகுப்பு மாதிரி விறைப்பாக இருக்கும் என்பது லின்னுக்கே தெரியும். அதனால் ‘ஸ்விங்’ என்று ஒரு கணக்கும் வைத்தார். இரட்டைப்படை அடிகளைக் கொஞ்சம் தாமதப்படுத்தும். 50 சதவிகிதம் என்றால் சமமான நடை. 66 என்றால் மூன்றாகப் பிரித்து நடுவில் ஒன்றை விழுங்கிய நொண்டல். இடையில் 54, 58 என்று வைத்தால் சொல்லத் தெரியாத ஓர் ஆட்டம், கேட்கிறவர் கழுத்து தானாக அசையும். மனுஷத் தடுமாற்றத்தை அழித்துவிட்டு, மெஷின் தடுமாற்றத்தை அளந்து ஊற்றுகிறார்கள்!

இங்கேதான் டெட்ராய்ட் நகரத்து ஜேம்ஸ் யான்ஸி வருகிறார். உலகம் அவரை ஜே டில்லா என்று அறியும். 2006 பிப்ரவரியில், 32 வயது முடிந்த மூன்றாம் நாள் இறந்துபோனார். அவருடைய எம்.பி.சி. 3000 இப்போது வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் ஆப்பிரிக்க அமெரிக்க மியூசியத்தின் சேகரிப்பில் இருக்கிறது. 2000-ல் ஸ்லம் வில்லேஜ் குழுவுக்காக அவர் செய்த ‘ஃபன்டாஸ்டிக், வால்யூம் 2’ ஆல்பத்தைக் கேளுங்கள். ஒரே வீட்டில் மூன்று கடிகாரங்கள் மூன்று நேரம் காட்டுவது போலிருக்கும். ஒரு டிரம் அவசரப்படுகிறது, இன்னொன்று சோம்பல் முறிக்கிறது. கீழே விழுந்துவிடும் என்று நினைக்கிறீர்கள், விழாது.

டில்லாவைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். ‘அவர் குவான்டைஸை ஆஃப் செய்துவிட்டு வாசித்தார், அவ்வளவுதான் ரகசியம்.’ கேட்க அழகான கதை. மனுஷன் ஜெயித்தான், மெஷின் தோற்றது என்று கைதட்டலாம். ஆனால் டான் சார்னஸ் 2022-ல் எழுதிய ‘டில்லா டைம்’ புத்தகம் இந்தக் கதையைக் கலைத்துப்போடுகிறது. டில்லா திருத்தத்தைத் தூக்கி எறியவில்லை. ஒரு சத்தத்தைக் கோட்டில் நிறுத்தி, இன்னொன்றை ஸ்விங்கில் ஆடவிட்டு, மூன்றாவதை வேண்டுமென்றே சில துளி முன்னால் நகர்த்தி... மெஷினின் கருணையையே கருவியாக்கிக்கொண்டார். எனக்கு இந்த நிஜம் கதையைவிடப் பிடித்திருக்கிறது. தடுமாற்றம் தானாக வந்தால் அது கைப்பழக்கம். எந்தத் தடுமாற்றம் எங்கே வேண்டும் என்று ஒருவன் முடிவு செய்தால்தான் அது கலை.

இதில் ஒரு வேடிக்கை. அதே 2000-ல் வந்த டி ஆஞ்செலோவின் ‘வூடூ’ ஆல்பத்தில் டிரம்ஸ் வாசித்த குவெஸ்ட்லவ், டில்லாவின் அந்தத் தள்ளாட்டத்தை நிஜ டிரம்ஸில் கொண்டுவரத் தன் கையை மறுபடி பழக்கவேண்டியிருந்தது. மனுஷன் தள்ளாடுவது எப்படி என்று ஒரு மெஷின் வழியாகக் கற்றுக்கொண்டான்!

இனி மேடைக்கு வருவோம். பெர்லினில் 2001-ல் ‘ஏபிள்டன் லைவ்’ என்ற சாஃப்ட்வேர் வந்தது. பாட்டைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வைத்துக்கொண்டு எதை வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் துவக்கலாம். 2009-ல் இதற்கென்றே அகாயின் ஏ.பி.சி. 40-ம், நோவேஷனின் லான்ச்பேடும் வந்தன. ஒரு கட்டம், ஒரு துண்டு. தட்டினால் துவங்கும். ஆனால் உடனே அல்ல. நீங்கள் மாற்றாதவரை, அடுத்த தாளவட்டத்தின் முதல் அடிக்காகக் காத்திருந்துதான் துவங்கும். 120 வேகத்தில் ஒரு வட்டம் 2 செகண்ட். அந்த 2 செகண்டுக்குள் எங்கே தட்டினாலும் சரி. பிளாட்ஃபாரத்துக்கு நீங்கள் ஓடிவந்தாலும், நிதானமாக டீ குடித்துவிட்டு வந்தாலும் எலெக்ட்ரிக் ட்ரெயின் தன் நேரத்துக்குத்தானே கிளம்பும்.

ஆகவே, விரல் ஆவேசமாக விழுவதைப் பார்த்து ‘என்ன தாளக்கட்டு!’ என்று சிலிர்க்கும் ரசிகர், தாளத்துக்குச் சம்பந்தமே இல்லாத விரலைப் பாராட்டிக்கொண்டிருக்கலாம். இதை ஏமாற்று என்று சொல்லமாட்டேன். எந்தத் துண்டுக்குப் பின் எந்தத் துண்டு, எப்போது மௌனம் என்று தேர்வதும் வித்தைதான். அதை அந்தப் பெயரில் பாராட்டுவோம். விரல் வித்தை வேண்டுமென்றால் அராப்மியூஸிக் போன்றவர்கள் எம்.பி.சி.யில் நேரடியாக டிரம் வாசிப்பதைப் பாருங்கள். அங்கே ஒவ்வொரு தட்டும் ஒரு சத்தம். பிசகினால் ஊருக்கே கேட்கும். இரண்டு பேர் கையிலும் ஒரே மாதிரிப் பலகை, வேலை வேறு.

மூன்றாவது கருணைதான் எனக்குக் கவலை தருவது. ஏபிள்டன் நிறுவனம் 2013-ல் ‘புஷ்’ என்று சொந்தப் பலகை வெளியிட்டது. முதலில் சொன்ன 64 கட்டம். அதில் ஸ்வரங்கள் வாசிக்கும்போது ஒரு ஸ்கேலைத் தேர்ந்தெடுத்தால் அந்த ஸ்கேலுக்கு வெளியே உள்ள ஸ்வரங்கள் பலகையிலிருந்தே காணாமல் போய்விடும். கண்ணை மூடிக்கொண்டு தட்டினாலும் அபஸ்வரம் வராது. குழந்தை தவழ்ந்து போனாலும் சுமாரான ட்யூன் வரும்.

அந்த ஸ்கேல் பட்டியலில் மேஜர், மைனருக்கெல்லாம் கீழே ‘பைரவ்’ என்று ஒன்று இருக்கிறது. நம் பைரவி இல்லை, ஹிந்துஸ்தானி பைரவ். அதன் ஏழு ஸ்வரங்கள் நம் மாயாமாளவகௌளையின் ஸ்வரங்களேதான். சரளி வரிசையில் முதல் நாள் உட்கார்ந்த எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. தேர்ந்தெடுத்துத் தட்டிப் பாருங்கள். ஸ்வரம் ஒவ்வொன்றும் சரி. ராகம் மட்டும் வரவில்லை. பைரவ் பாடுகிறவர்கள் ரிஷபத்தையும் தைவதத்தையும் மெல்ல ஊஞ்சலாட்டுவார்கள். ராகம் அந்த ஊஞ்சலில் உட்கார்ந்திருக்கிறது. பலகையில் ஊஞ்சல் இல்லை, அதைத் தொங்கவிடும் கொக்கிகள் மட்டும் வரிசையாக இருக்கின்றன. ஓரத்தில் ஸ்வரத்தை வளைக்க ஒரு தொடுபட்டை உண்டுதான். ஆனால் அதைத் தடவினால் ஒலிக்கிற ஸ்வரங்கள் எல்லாம் சேர்ந்து வளையும். தப்பு வராமல் பார்த்துக்கொள்கிற ஏற்பாடு, தப்புக்கும் சரிக்கும் நடுவே இருக்கிற இடத்தையும் சேர்த்துப் பூட்டிவிட்டது. நம் சங்கீதம் பாதி வசிப்பது அந்த நடுவில்தான்.

செய்தவர்களுக்கும் இது உறைத்திருக்கவேண்டும். 2023-ல் வந்த புஷ் 3-ல் ஒவ்வொரு கட்டமும் விரல் சறுக்குவதையும் அழுத்தம் மாறுவதையும் தனித்தனியாக உணர்கிறது. ரிஷபத்தைத் தட்டி விரலை அசைத்தால் அந்த ஸ்வரம் மட்டும் அசையும். பத்து வருஷத்தில் இந்தக் குடும்பத்தில் வந்த உருப்படியான மாற்றம் இதுதான் என்பேன். காரணம் எளிது: மறுபடி தப்பாக வாசிக்க முடிகிறது! தப்பாக வாசிக்க வழியில்லாத வாத்தியத்தில் நன்றாக வாசிக்கவும் வழியில்லை.

வீட்டில் பிள்ளை இதை வாங்கிக் கேட்டால் மறுக்காதீர்கள். 16 கட்டச் சின்னப் பலகையே போதும். சில காரியங்கள் மட்டும் செய்யச் சொல்லுங்கள். முதலில், சாஃப்ட்வேரில் பஃபர் என்ற அமைப்பைப் பார்க்கட்டும். அது 1,024 என்று இருந்தால் தட்டுக்கும் சத்தத்துக்கும் இடையில் குறைந்தது 23 மில்லிசெகண்ட், எட்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்து உங்கள் மிருதங்கத்தை நீங்களே கேட்பதுபோல. 256-க்குக் குறைத்தால் 6 மில்லிசெகண்ட். விரலும் காதும் சிநேகமாகிவிடும். இரண்டாவது, முதல் மூன்று மாதம் குவான்டைஸைத் தொடவேண்டாம். தன் தடுமாற்றம் எந்தப் பக்கம், எவ்வளவு என்று தெரியட்டும். பிறகு வேண்டுமானால் முழுத் திருத்தம் செய்யாமல் பாதித் திருத்தம் செய்துகொள்ளலாம், அதற்கும் சதவிகிதம் இருக்கிறது. ஸ்கேல் பூட்டையும் அவ்வப்போது திறந்து வைக்கட்டும்.

கொஞ்ச நாள் வீட்டில் சத்தம் கர்ணகொடூரமாக இருக்கும். கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். பிள்ளை வாசிக்கிறான் என்று அர்த்தம்.